சாம்பல் தந்த மெருகு

புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பணியாற்றும் நமக்கு உடைந்த பண்டங்கள் புதியவை அல்ல. சில திங்களுக்கு முன் மரப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் ஒரு மூலை நெகிழ்ந்திருந்தமையால், உரியவர் முன்னிலையில் திறந்து பார்த்து ஒப்படைக்க வேண்டியதாயிற்று. வைக்கோலுக்குள்ளிருந்து மண்சாடி ஒன்று வெளிப்பட்டது. ஒரு புறம் செம்பழுப்பு. மறுபுறம் சாம்பல் உருகி வழிந்தாற்போன்ற கறை. கழுத்தைச் சுற்றி எள் தெளித்தாற்போலப் புள்ளிகள். பொருள் கெட்டதென்றே வருந்திப் பதிவேட்டில் 'சேதம்' என எழுதப் பேனாவை எடுத்தோம். உரியவரான முதியவர் நகைத்து நம் கையைத் தடுத்தார். அக்கறைக்காகவே அதனை ஜப்பானிலிருந்து வாங்கி வந்ததாக அவர் இந்தியில் கூறியபோது நாம் நாணினோம்.

அன்று கொண்ட வியப்பே இக்கட்டுரைக்கு வித்து. அவர் சொல்லக் கேட்டும் பின்னர்ப் படித்தும் அறிந்தவற்றை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

அந்தச் சாடி, ஒகயாமா மாநிலத்து இம்பே என்னும் ஊரைச் சார்ந்த 'பிஜென்' வகையினது. பிஜென், ஷிகராகி, சேத்தோ, தொகொனமே, தம்பா, எச்சிஜென் என்னும் ஆறும் ஜப்பானின் தொன்மையான சூளைத் தலங்கள். இவ்வாறினையும் அந்நாட்டரசு 2017-ஆம் ஆண்டு தன் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

பிஜென் குயவர் நெல்வயலின் அடியிலிருந்து இரும்புச் சத்து மிக்க களிமண்ணைத் தோண்டியெடுப்பர். நெடுங்காலம் பதப்படுத்திய பின்னரே சக்கரத்தில் ஏற்றுவர். வனைந்த கலத்திற்கு மெருகுப் பூச்சு எதுவும் இடுவதில்லை. வண்ணம் தீட்டுவதும் இல்லை. எஞ்சிய வேலை யாவும் நெருப்பினுடையதே.

சூளைகள் இருவகைப்படும். 'அனகாமா' என்பது குகைச் சூளை. மலைச்சரிவில் ஒரே அறையாக அமையும் இது, ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து வந்ததாகும். கீழ்முனையில் விறகிடுவர், சுவாலை கலங்களினூடே புகுந்து மேல்முனையின் வழியே வெளியேறும். 'நொபொரிகாமா' என்பது ஏறு சூளை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இதில் படிபோன்று பல அறைகள் உண்டு. ஓர் அறையின் வெப்பம் அடுத்த அறையைச் சூடேற்றுவதால் விறகு மிச்சமாகும்.

பிஜென் மண் திடீர் வெப்பத்தைத் தாங்காது, வெடித்துவிடும். ஆகவே செந்தேவதாரு விறகினைச் சிறுகச் சிறுக இட்டு, பத்து முதல் பதினான்கு நாட்கள் இரவும் பகலும் முறைவைத்துக் காவலிருந்து எரிப்பர். வெப்பம் 1,200 டிகிரி செல்ஸியஸை எட்டும்போது, பறந்து படிந்த விறகுச் சாம்பல் மண்ணிலுள்ள மணற்சத்துடன் கூடி உருகிக் கண்ணாடியாகின்றது. நாம் கறையென்று கருதியது இதுவே! அப்புள்ளிகளுக்கு ஜப்பானியர் இட்ட பெயரும் 'எள்' என்பதே.

கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க முற்காலத்தார் இடையே வைக்கோல் வைத்தனர். வைக்கோலிலுள்ள சாம்பற்சத்து மண்ணின் இரும்போடு கூடவே, செந்நூல் சுற்றினாற்போன்ற கோடுகள் தோன்றின. பாதுகாப்புக்கென வைத்தது பின்னர் அழகுக்கென வைக்கப்படலாயிற்று.

இக்கலையில் அச்சமும் உண்டு. ஆண்டுக்கு ஓரிருமுறையே சூளை மூட்டுவோர் பலர். பல திங்கள் உழைப்பு அந்த ஒரு நெருப்பில் அடங்கியுள்ளது. தீ அணைந்து, நாட்கணக்கில் ஆறிய பின்னர்க் கதவைப் பெயர்க்கும்வரை எது தேறும், எது வெடித்திருக்கும் என எவராலும் சொல்லவொண்ணாது.

கலைக்கே ஒருகால் ஆபத்து நேர்ந்தது. 1868-க்குப் பின் ஆலைப் பொருள்கள் மலிந்தபோது, பிஜென் சூளைகள் பல மண்குழாயும் செங்கல்லும் சுட்டுப் பிழைத்தன. காநெஷிகே தோயோ (1896–1967) என்பார் பழங்கலங்களை ஆராய்ந்து, மண்ணையும் தீயையும் மீண்டும் மீண்டும் சோதித்துப் பழைய முறையை மீட்டார். 1956-ஆம் ஆண்டு அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' எனப் போற்றியது.

இரயில்வேக்காரராகிய நம்மை மகிழ்வித்த செய்தியொன்றும் உண்டு. 1889-ஆம் ஆண்டு ஷிஜுவோகா நிலையத்தில் பிரயாணிகளுக்கு ஷிகராகி மண்கெண்டியில் தேநீர் விற்றனராம். நம் வடநாட்டு நிலையங்களின் மண்குவளைக்கு அதனை உறவென்றே கொள்ளலாம். நம் புதுச்சேரிக்கும் இக்கலையோடு தொடர்புண்டு. 1971-ஆம் ஆண்டு அங்கே கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச் சாலையைத் தொடங்கிய அமெரிக்கர் இருவருள் டெபோரா ஸ்மித் அம்மையார் ஜப்பானில் இக்கலையைப் பயின்றவர்.

அன்றிரவு வீடு திரும்பியபோது, நம் இளைய மகன் பாடம் ஒப்பித்துக் கொண்டிருந்தான். அவன் தமிழில் இந்தி ஓசை கலந்திருந்தது. நாள்தோறும் கடிந்து திருத்தும் நாம் அன்று வாளா அமர்ந்து கேட்டோம். திருத்த வேண்டுவன திருத்தத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் மண் நம்முடையது. எரிந்த விறகு இவ்வூரினது. கலத்தைத் தட்டிப் பாராமல், கறையை மட்டும் கண்டு 'சேதம்' என எழுதிவிடலாகாது என்பதே அம்முதியவர் நமக்குக் கற்பித்த பாடம்.