ஈ.டி. த எக்ஸ்ட்ரா-டெரஸ்ட்ரியல் (நிகழ்பட ஆட்டம்)

ஈ.டி. த எக்ஸ்ட்ரா-டெரஸ்ட்ரியல் என்பது அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1982 டிசம்பரில் வெளியிட்ட ஒரு நிகழ்பட ஆட்டம், அதாவது வீடியோ கேம், ஆகும். இசுட்டீவன் இசுபீல்பேர்க் இயக்கி அதே ஆண்டு சூன் மாதம் வெளிவந்த ஈ.டி. என்ற திரைப்படத்தைத் தழுவி, அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்காக இது உருவாக்கப்பட்டது. இதை எழுதிய நிரலர் ஹோவர்ட் இசுகாட் வார்ஷா.

விளையாடியவர்களை மிக மோசமாக ஏமாற்றிய ஆட்டங்களின் பட்டியல் எங்கு வெளியானாலும் இதன் பெயர் பெரும்பாலும் முதலிடத்திலோ அதற்கு அருகிலோ இருக்கும். விற்காமல் போன பிரதிகள் பாலைவனத்தில் புதைக்கப்பட்டதும், அதையடுத்து அமெரிக்க நிகழ்பட ஆட்டத் தொழிலே சரிந்ததும் இதன் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆயினும் இந்தத் தோல்விக்கான காரணங்களில் பெரும்பாலானவை ஆட்டத்தின் முதல் வரி எழுதப்படுவதற்கு முன்பே முடிவாகிவிட்டன.

பின்னணி

அட்டாரி நிறுவனம் 1972-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த அட்டாரி 2600, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் கருவி. ஒவ்வோர் ஆட்டமும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு நெகிழிப் பெட்டிக்குள் ஒரு சில்லில் பதிக்கப்பட்டு விற்கப்பட்டது. பெட்டியைக் கருவியில் செருகினால் ஆட்டம் தொடங்கும். 1980-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டம் இக்கருவிக்கு வந்த பிறகு விற்பனை பன்மடங்கு பெருகியது.

இக்கருவியின் திறன் இன்றைய அளவில் மிகச் சிறியது. அதன் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கொண்டால், அஞ்சலட்டையில் மூன்று நான்கு வரிகள் எழுதும் அளவுதான் அது. ஈ.டி. ஆட்டத்தின் நிரல், படங்கள், ஒலி அனைத்தும் 8 கிலோபைட்டு கொண்ட கார்ட்ரிட்ஜுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இத்தகைய கருவியில் ஒரு நல்ல ஆட்டத்தை எழுதுவதற்குப் பொதுவாக ஐந்து, ஆறு மாதங்கள் பிடித்தன.

1982 மார்ச்சில் வெளியான அட்டாரியின் பேக்-மேன் ஆட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். காசு போட்டு விளையாடும் கடைகளில் மக்கள் விரும்பிய அந்த ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பு 70 இலட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் படங்கள் மினுக்கின, மூல ஆட்டத்தின் அழகு இல்லை. வாங்கியவர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். ஆட்டம் எப்படியிருந்தாலும் புகழ்பெற்ற பெயர் ஒன்று போதும், விற்றுவிடும் என்ற எண்ணத்தை இவ்விற்பனை நிறுவனத்துக்குள் வலுப்படுத்தியது. அட்டாரியின் பெயர் இருந்தால் நம்பி வாங்கலாம் என்ற எண்ணம் மக்களிடையே தளரத் தொடங்கியதும் அப்போதுதான்.

உரிமமும் காலக்கெடுவும்

1982 சூன் 11 அன்று திரைக்கு வந்த ஈ.டி. பெரும் வெற்றி பெற்றது. அதை ஆட்டமாக்கும் உரிமையைப் பெற வார்னர் பேச்சு நடத்தியது. உரிமத்துக்கு 2 கோடி முதல் 2.5 கோடி டாலர் வரை கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அக்காலத்தில் ஓர் ஆட்டத்தின் உரிமத்துக்கு இது மிகப் பெரிய தொகை.

பேச்சுவார்த்தை முடிவதற்குள் சூலை இறுதி வந்துவிட்டது. அமெரிக்காவில் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் பெருமளவில் விற்பது கிறித்துமசை ஒட்டிய வாரங்களில்தான். அதற்குள் கடைகளுக்குச் சரக்கு சேர வேண்டுமானால், சில்லுகளைத் தயாரிக்கவும் பெட்டிகளில் அடைத்து அனுப்பவும் பல வாரங்கள் வேண்டும். எனவே செப்டம்பர் 1-ஆம் நாளுக்குள் நிரல் முடிந்தாக வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. சூலை 27 அன்று நிறுவனத் தலைவர் ரே காசர் வார்ஷாவைத் தொலைபேசியில் அழைத்து, முடியுமா என்று கேட்டார். வார்ஷா முடியும் என்றார். கையில் இருந்தது ஐந்து வாரம்.

அவர் அனுபவமற்றவர் அல்லர். யார்ஸ் ரிவெஞ்ச் என்ற ஆட்டத்தால் நற்பெயர் பெற்றவர். இசுபீல்பேர்க்கின் மற்றொரு படமான ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்கையும் ஆட்டமாக்கியவர்.

உருவாக்கம்

அழைப்பு வந்த இரண்டு நாட்களுக்குள் வார்ஷா தம் திட்டத்தை இசுபீல்பேர்க்கிடம் விளக்க வேண்டியிருந்தது. பேக்-மேன் போன்ற ஒன்றைச் செய்யலாமே என்று இயக்குநர் கேட்டார். படத்தின் உணர்வுக்கு ஏற்ற புதுவகை ஆட்டம் வேண்டும் என்று வார்ஷா வாதிட, அவருடைய திட்டமே ஏற்கப்பட்டது. பழகிய வடிவம் ஒன்றைப் பின்பற்றியிருந்தால் ஐந்து வாரத்தில் பிழையின்றி முடித்திருக்கலாம். ஆசை பெரிதாகவும் காலம் சிறிதாகவும் இருந்தது என்று பிற்காலப் பேட்டிகளில் அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

பயண நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக நிரல் எழுதும் கருவி ஒன்று அவருடைய வீட்டிலும் பொருத்தப்பட்டது. படங்களை வரைய ஒருவர் உதவினார். ஆட்டம் குறித்த நாளில் முடிந்தது. ஆனால் வழக்கமாகச் செய்யப்படும் சோதனை ஒன்று விடுபட்டுப்போனது. வெளியாரை அழைத்து விளையாட வைத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனை அது. அதற்கு நாள் இல்லை.

ஆட்ட முறை

பூமியில் தனித்துவிடப்பட்ட வேற்றுலக உயிரான ஈ.டி.யை விளையாடுபவர் இயக்க வேண்டும். தன் உலகத்தோடு பேசுவதற்கான தொலைபேசியின் மூன்று துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து, விண்கலத்தை அழைத்து, காட்டில் அது இறங்கும் இடத்துக்குக் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் வெற்றி.

களம் ஆறு திரைகளால் ஆனது. ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களைப் போல அவை ஒன்றோடொன்று இணைந்துள்ளன. ஈ.டி.யின் ஆற்றல் 9,999 என்ற எண்ணில் தொடங்கி ஒவ்வோர் அடிக்கும் குறையும். வழியில் கிடைக்கும் மிட்டாய்த் துண்டுகளைத் தின்றால் கூடும். அரசு அதிகாரி ஒருவரும் அறிவியலாளர் ஒருவரும் துரத்துவார்கள். முன்னவர் சேர்த்த பொருளைப் பறிப்பார். பின்னவர் பிடித்துக்கொண்டு போவார். ஆற்றல் தீர்ந்தால் எலியட் என்ற சிறுவன் வந்து உயிர்ப்பிப்பான்.

திரையின் மேற்பகுதியில் ஒரு குறி தோன்றும். நிற்கும் இடத்துக்கேற்ப அக்குறி மாறும். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அதுவே முடிவு செய்யும். ஓரிடத்தில் அழுத்தினால் எலியட் வருவான். வேறோரிடத்தில் அழுத்தினால் ஈ.டி. அடுத்த திரைக்குத் தாவும். கையேட்டைப் படிக்காமல் இவற்றைப் புரிந்துகொள்வது கடினம்.

குழிகளின் சிக்கல்

தொலைபேசித் துண்டுகள் குழிகளுக்குள் கிடக்கின்றன. ஆகவே குழியில் விழுவது ஆட்டத்தின் ஒரு பகுதியே. விழ விரும்பாதபோதும் விழுந்துகொண்டே இருப்பதுதான் வீரர்களை வெறுப்பேற்றியது.

இதற்குக் காரணம் எளியது. தரையும் குழிகளும் மேலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டுள்ளன, ஈ.டி.யின் உருவமோ பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போல நிற்கிறது. கால் தரையில் இருக்கும்போது தலை குழியின் மேல் இருப்பதாகத் திரையில் தெரியும். விளையாடும் சிறுவனின் கண்ணுக்கு ஈ.டி. குழிக்கு முன்னால் பாதுகாப்பாக நிற்கிறது. ஆனால் உருவத்தின் எந்தப் புள்ளி குழியின் படத்தைத் தொட்டாலும் விழுந்ததாகவே நிரல் கணக்கிட்டது. கழுத்தை நீட்டி, மெல்ல மிதந்து மேலே வந்தாலும், தவறான பக்கம் சற்றே நகர்ந்தால் மறுபடியும் உள்ளே விழ வேண்டியதுதான். ஒரு திரையிலிருந்து மறு திரைக்குச் சென்றதும் நேராகக் குழிக்குள் விழும் இடங்களும் இருந்தன.

கடினமான ஆட்டம் வேறு, குழப்பும் ஆட்டம் வேறு என்பது வார்ஷா பின்னாளில் கூறிய விளக்கம். தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று தெரிந்தால் மீண்டும் முயல்வார். தெரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். பிற்காலத்தில் ஆர்வலர் ஒருவர் நிரலில் சில மாற்றங்கள் செய்து, கால் குழிக்குள் பட்டால் மட்டுமே விழும்படி திருத்திக் காட்டினார். வெளியாரைக் கொண்டு சோதித்திருந்தால் இக்குறை அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

வெளியீடும் விற்பனையும்

பெரும் விளம்பரத்துடன் வந்த ஆட்டம் முதல் வாரங்களில் நன்றாகவே விற்றது. படத்தை விரும்பிய குழந்தைகளுக்காகப் பெற்றோரும் பாட்டிமாரும் வாங்கினர். விடுமுறை முடிந்ததும் விற்பனை சரிந்தது. கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின.

ஏறத்தாழ 40 இலட்சம் பிரதிகள் தயாரிக்கப்பட்டு, 15 இலட்சம் அளவில் விற்றதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. உரிமத்தொகையை 2 கோடி டாலர் என்றே கொண்டு, விற்ற 15 இலட்சத்தால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பிரதியின் மேலும் 13 டாலருக்கு மேல் உரிமச்சுமை விழுகிறது. சில்லு, பெட்டி, விளம்பரம், கடைக்காரரின் பங்கு எல்லாம் அதற்கு மேல். பத்து இலட்சத்தைத் தாண்டி விற்கும் ஆட்டம் சாதாரணமாக வெற்றி எனப்படும். இங்கே அது நட்டமாயிற்று.

தொழில்துறைச் சரிவு

1982 டிசம்பர் 7 அன்று, எதிர்பார்த்த இலாபம் வராது என்று வார்னர் அறிவித்ததும் அதன் பங்கு விலை கடுமையாக வீழ்ந்தது. ஈ.டி.யின் தோல்வி முழுமையாகத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான் என்பது கவனிக்கத்தக்கது. 1983-இல் அட்டாரியின் நட்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. உற்பத்தியைக் கிழக்காசியாவுக்கு மாற்றும் முடிவால் அமெரிக்காவில் 1,700 தொழிலாளர்கள் வேலை இழந்தனர். காசர் பதவி விலகினார். 1984-இல் வீட்டுக் கருவிப் பிரிவை வார்னர் விற்றுவிட்டது. 1983-இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீட்டு விளையாட்டுச் சந்தை 1985-இல் 10 கோடி டாலராகச் சுருங்கியது.

இவ்வளவையும் ஓர் ஆட்டத்தின் தலையில் சுமத்துவது பொருந்தாது. வேறு காரணங்கள் பின்வருமாறு:

- 1981 அக்டோபரில், 1982-ஆம் ஆண்டு முழுமைக்குமான கொள்முதலை முன்கூட்டியே தெரிவிக்குமாறு அட்டாரி விநியோகத்தர்களிடம் கேட்டது. கேட்டதில் ஒரு பகுதிதான் வரும் என்ற பழைய அனுபவத்தால் அவர்கள் தேவைக்கு மேல் எழுதிக் கொடுத்தனர். பொய்யான தேவையை நம்பி உற்பத்தி பெருகியது.
- அட்டாரியிலிருந்து விலகிய நிரலர்கள் 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். அதைப் பார்த்து ஓட்ஸ் விற்கும் குவாக்கர் நிறுவனம் உட்படப் பலரும் இத்தொழிலில் இறங்கினர். தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்து, பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடப்பட்டன.
- வீட்டுக் கணினிகளின் விலை இறங்கியதால், விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கருவியைவிடக் கணினியே மேல் என்று பெற்றோர் கருதினர்.

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த சப்பானின் நின்டெண்டோ நிறுவனம் இதிலிருந்து பாடம் கற்றது. தன் அனுமதியின்றி யாரும் ஆட்டம் வெளியிட முடியாதபடி கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. அனுமதி பெற்ற ஆட்டங்களின் பெட்டி மீது தர முத்திரை பதித்தது.

அலமகோர்டோ அகழ்வு

1983 செப்டம்பரில், டெக்சாசின் எல் பாசோ நகரக் கிடங்கிலிருந்து அட்டாரியின் சரக்கு பார வண்டிகளில் ஏற்றப்பட்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் கொட்டப்பட்டது. சிறுவர்கள் புகுந்து கார்ட்ரிட்ஜுகளை எடுக்கத் தொடங்கியதால், மேலே சிமென்ட் கலவை ஊற்றப்பட்டது. செய்தி நாளிதழ்களில் வந்திருந்தும், இலட்சக்கணக்கான ஈ.டி. பிரதிகள் அங்கே கிடக்கின்றன என்பது காலப்போக்கில் ஒரு கட்டுக்கதையைப் போலப் பேசப்பட்டது.

2014 ஏப்ரல் 26 அன்று, ஓர் ஆவணப்படத்துக்காக அவ்விடம் தோண்டப்பட்டது. ஏறத்தாழ 30 அடி ஆழத்தில் கார்ட்ரிட்ஜுகள் கிடைத்தன. சுமார் 1,300 வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் ஈ.டி. சிறு பகுதியே, சென்டிபீட், டிஃபெண்டர் முதலிய நன்றாக விற்ற ஆட்டங்களும் கலந்து கிடந்தன. புதைக்கப்பட்ட மொத்தம் ஏறத்தாழ 7,28,000 என்று, அன்று இப்பணியைக் கவனித்த முன்னாள் அட்டாரி அலுவலர் தெரிவித்தார். அங்கே கொட்டப்பட்டது ஒரு நிறுவனத்தின் பலவகை மிகைச் சரக்கு என்பது இவ்வகழ்வால் உறுதியாயிற்று. எடுத்தவற்றுள் ஒன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டது. வேறு பல ஏலத்தில் விற்று ஒரு இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டின.

மதிப்பீடு

அவசரமாக வெளியிடப்பட்டு வீரர்களை ஏமாற்றும் ஆட்டங்கள் இன்றும் வருகின்றன. 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 அத்தகையது. பிழைகள் மலிந்திருந்ததால் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே ஒரு வாரத்தில் நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதன் பிழைகளை இணையம் வழியாகத் திருத்த முடிந்தது. ஆட்டம் பின்னர் நற்பெயரும் பெற்றது. 1982-இல் அந்த வாய்ப்பு இல்லை. சில்லில் பதித்தது பதித்ததுதான்.

அகழ்வின்போது வார்ஷாவும் அங்கே இருந்தார். நிரலெழுதுவதை விட்டு உளவியல் சிகிச்சையாளராகிவிட்ட அவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய ஆட்டத்தைக் காண இத்தனை பேர் கூடியிருப்பதைக் கண்டு கண்கலங்கினார். ஐந்து வாரத்தில் தனியொருவர் எழுதி முடித்த, தொடக்கம் முதல் இறுதிவரை விளையாடக்கூடிய ஆட்டம் என்ற வகையில் ஈ.டி.யைப் பாராட்டும் ஆய்வாளர்களும் இன்று உள்ளனர். குழிகளின் குறைக்கு அவர் பொறுப்பு. எத்தனை நாளில் முடிக்க வேண்டும், எவ்வளவு உரிமத்தொகை தரலாம், எத்தனை இலட்சம் அச்சிடலாம் என்பவற்றை முடிவு செய்தவர்கள் வேறு.