இடர் வந்த காலத்தில் மூணாறு சொல்லும் பாடம்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்குக் குழப்பமான காலங்கள் புதியவை அல்ல. இருந்த வேலை திடீரென்று போய்விடுகிறது. ஊரில் தாயோ தகப்பனோ படுத்த படுக்கையாகிறார்கள். நினைத்தவுடன் ஓடிப்போய்ப் பார்க்க முடிவதில்லை. 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, பெற்றவர்களின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழுதவர்கள் எத்தனையோ பேர்.

இப்படிப்பட்ட நேரங்களில் நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "எல்லாம் நன்மைக்கே." சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் கேட்பவரின் நெஞ்சு அதனால் ஆறுகிறதா? பல சமயம் இல்லை. அப்படியானால் துன்பக் காலத்தில் மனிதன் வளர்கிறான் என்பது வெறும் பேச்சுத்தானா? இந்தக் கேள்விக்கு, நம்மைப் போலவே ஊரை விட்டுச் சென்ற தமிழர்களின் வாழ்க்கையில் விடை தேடிப் பார்ப்போம்.

எல்லையோரத் தமிழர்

கேரளத்தின் கிழக்கு எல்லை நெடுகிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பகுதிகளில் உழவர்களாகவும், நெல்லியாம்பதி மலையிலும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியார் மலைகளிலும் தோட்டத் தொழிலாளர்களாகவும் அவர்கள் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர்கள் மூணாற்றில் தோட்டங்கள் அமைத்தபோது, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஏழை மக்களைக் கங்காணிகள் மலைக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அன்று முதல் இங்கே தமிழர், அங்கே மலையாளத்தார் என்று இரண்டு பக்கமும் பாதி அந்நியராக வாழ்வது அவர்களுக்குப் பழகிப்போயிற்று. இந்த நிலை நமக்கும் தெரியாததல்ல.

தண்டவாளம் போன பிறகு

1902-இல் மூணாற்றில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908-இல் அது சிறிய இரயில் பாதையாக மாற்றப்பட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் என்று அதற்குப் பெயர். தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் சேரும்.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் அதை இன்றும் "தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்" என்றே குறிப்பிடுகிறார்கள். மலைகள் சரிந்தன, மூணாறு நகரம் சிதைந்தது, இரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலையும் அழிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. இரயிலை மறுபடி போடவில்லை. பழைய சாலையையும் அதே இடத்தில் கட்டவில்லை. நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை வந்தது. அங்கே பெரியாற்றின் மேல் கட்டிய பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. இன்று கொச்சியிலிருந்து மூணாறு போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். இழந்ததை அப்படியே திரும்பப் பெறுவது மட்டும் மீட்சி அல்ல. சில சமயம் வேறு வழி போடுவதுதான் மீட்சி. ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே வந்து கடைக் கணக்கு எழுதலாம். அதைத் தோல்வி என்று எண்ணித் தாழ்ந்துபோக வேண்டியதில்லை.

கூடை சுமந்தவர்கள் பேசியபோது

எல்லாக் குழப்பமும் வானத்திலிருந்து வருவதில்லை. 2015 செப்டம்பரில், முன்பு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்தது என்று மூணாற்றுத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்று அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் நகரின் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகே வரவிடவில்லை. தங்கள் வீட்டு ஆண்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். "பொம்பிளை ஒருமை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி முதலானோர் முன்னே நின்றார்கள்.

ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின், செப்டம்பர் 13-ஆம் தேதி, 20 விழுக்காடு தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த மாதமே தேயிலைத் தொழிலாளர் கூலி 301 ரூபாய் ஆயிற்று. கேட்டது 500, கிடைத்தது அவ்வளவுதான். பிறகு அமைப்பும் பிளவுபட்டது. ஆகவே இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த ஒன்பது நாட்களில் ஒன்று நிகழ்ந்தது. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, பகல் முழுதும் கொழுந்து பறித்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கே திரும்பிய பெண்கள், நிர்வாகத்தோடும் அமைச்சர்களோடும் தங்கள் கணக்கைத் தாங்களே பேசினார்கள். பேசத் தெரியாதவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குப் பேச வரும் என்று முதலில் தெரிந்துகொண்டவர்கள் அவர்களேதான். மன வளர்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் வேண்டுமா?

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இராஜமலைக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. மழையில் பெரியவரைப் பாலம் போயிருந்தது, தொலைபேசியும் இல்லை. விடிந்த பிறகே வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. 70 பேர் மாண்டார்கள். 66 உடல்கள் கிடைத்தன. நால்வர் கடைசிவரை கிடைக்கவில்லை. மாண்டவர்களில் பல குடும்பங்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு.

இந்த மண்ணுக்கு முன்னால் நின்று "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. அந்த நாட்களில் அங்கே இருந்தவர்கள் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கவில்லை. மீட்புப் படையினரோடு சேர்ந்து சேற்றில் தேடினார்கள். ஆற்றோரம் கீழே வெகுதூரம் வரை போனார்கள். கிடைத்தவர்களை இராஜமலையில் அடக்கம் செய்தார்கள். உயிர் தப்பியவர்களுக்குச் செய்ய ஒரு கடமை இருந்தது. அந்தக் கடமைதான் அவர்களை நிற்க வைத்தது.

மறுநாள் ஆகஸ்ட் 7-ஆம் தேதி கரிப்பூர் விமான நிலையத்தில் விபத்து நடந்தது. அதில் இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 இலட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 இலட்சம். அந்த வேறுபாடு பலரை வருத்தியது. முதலமைச்சர் வந்த நாளில், தொழிலாளர்களுக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்று கேட்டுச் சாலையில் அமர்ந்து கைதானவர், 2015-இல் முன்னே நின்ற அதே கோமதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பதுதான் தோட்ட வாழ்க்கை. தலைமுறைகள் உழைத்தும் சொந்த மண் இல்லை. பின்னர் குற்றியார் பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் விக்டர் பிராங்கல் நாஜி முகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் சகோதரனையும் இழந்தவர். தாம் மட்டும் தப்பி வந்து 1946-இல் ஒரு நூல் வெளியிட்டார். வாழ்க்கை நமக்கு என்ன தரும் என்று கேட்பதை விட்டு, வாழ்க்கை இப்போது நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவரே இன்னொன்றையும் வற்புறுத்தினார்: தவிர்க்கக்கூடிய துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பது பெருமை அல்ல, அதன் காரணத்தை நீக்குவதே முறை.

மூணாற்றில் இரண்டையும் பார்க்கிறோம். மழையைத் தடுக்க முடியாது. அங்கே செய்ய வேண்டியது கடமை. குறைந்த கூலியையும், சரிவில் கட்டிய லயத்தையும் விதி என்று விட்டுவிட முடியாது. அங்கே செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. எது எந்த வகை என்று பிரித்தறிவதே குழப்பக் காலத்தில் நாம் பெறக்கூடிய முதல் தெளிவு.

வள்ளுவர் "இடுக்கண் அழியாமை" என்று ஓர் அதிகாரமே வைத்தார். இடுக்கணே வராமை என்று வைக்கவில்லை. துன்பம் வரும், அதனால் உள்ளம் அழியாமல் இருப்பதே வேண்டுவது. அதற்குத் தனியாக இருக்கும் மனத்தின் வலிமை போதாது. நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்ணின் பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தாள். சேற்றில் தேடியவனோடு அடுத்த தோட்டத்துக்காரனும் தேடினான்.

அடுத்த முறை நம்மிடையே ஒரு குடும்பத்துக்கு வேலை போனாலோ, ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தாலோ, அறிவுரையோடு போக வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டோடு போவோம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவோம். விமானச் சீட்டுக்கு வழி செய்வோம். அந்த வீட்டுக்கு அது உதவி. செய்கிற நமக்கோ, வந்த ஊரில் நாமும் ஒருவருக்கு வேண்டியவர்கள் என்ற நிறைவு.