பத்துக் கையெழுத்து

சட்டமன்றத் தேர்தலில் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். பதிவு மட்டும் செய்திருக்கும் சிறிய கட்சி என்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். சுயேச்சைக்கும் இதே கணக்குதான். லட்சக்கணக்கான வாக்காளர்கள் இருக்கும் தொகுதியில் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்களா? கிடைப்பார்கள். ஆனால் அதில் ஒருவர் பழுதானாலும் மனு நிற்காது.

மனு கைக்கு வந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் முதலில் புரட்டுவது வாக்காளர் பட்டியலை. பத்துப் பேரின் பெயர், பாகம் எண், வரிசை எண் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். வேட்பாளர் வேறு தொகுதி வாக்காளர் என்றால் அந்தப் பட்டியலின் சான்றளித்த நகல் வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறைகளை ஒரு தாளில் குறித்துக் கொடுப்பார்களே தவிர, அந்த இடத்திலேயே மனுவைத் தள்ள முடியாது. கடைசி நாளுக்கு மறுநாள் நடக்கும் பரிசீலனையில்தான் முடிவு.

பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பது எளிது. சிக்கல் கையெழுத்தில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வாக்காளர் பட்டியலில் யாருடைய கையெழுத்தும் கிடையாது. கைநாட்டு வைப்பவர் மட்டும் அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும்; கையெழுத்துப் போடுபவர் நேரில் வர வேண்டியதில்லை. ஆகவே ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று முன்மொழிந்தவரே சொல்லிவிட்டால் அலுவலர் சுருக்கமாக விசாரித்து முடிவெடுக்க வேண்டியதுதான். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக மனு போட்ட நடிகர் விஷாலுக்கு இதுதான் நடந்தது. பத்துப் பேரில் இருவர் மறுத்தார்கள், மனு தள்ளுபடியானது. ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல அவகாசம் கேட்கலாம், அதிகபட்சம் பரிசீலனைக்கு மறுநாளுக்கும் அடுத்த நாள் வரை. அதைவிட, நான்கு செட் வரை மனு போடச் சட்டம் இடம் தருவதால் வேறு பத்துப் பேரை வைத்து இன்னொரு செட் போடுவதே புத்திசாலித்தனம். ஒன்று தேறினாலும் போதும்.

கட்சியின் பெயரில் நிற்க ஏ, பி என்று இரண்டு படிவங்கள் தேவை. மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அவை வந்து சேர வேண்டும். கட்சிப் பொறுப்பாளர் மையால் கையெழுத்திட்டிருக்க வேண்டும், ரப்பர் முத்திரை செல்லாது. இந்தப் படிவம் சொதப்பினால் பெரிய கட்சி வேட்பாளருக்குத்தான் ஆபத்து அதிகம்: ஒரே ஒருவர் முன்மொழிந்த மனு அப்படியே விழுந்துவிடும். சிறிய கட்சிக்காரர் பத்துப் பேரைக் காட்டிச் சுயேச்சையாகவாவது களத்தில் இருப்பார். கட்சிக்குக் கிடைத்த பொதுச் சின்னம் மட்டும் அவருக்கு இருக்காது.

தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உடனே நீதிமன்றத்துக்கு ஓடிப் பயனில்லை. நாமக்கல்லில் மனு தள்ளுபடியான பொன்னுசாமியின் வழக்கில், தேர்தல் முடிந்த பிறகே வழக்காட முடியும் என்று 1952-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ஒரு மனுவைத் தவறாக ஏற்றுக்கொண்டிருந்தால், அது முடிவைப் பாதித்ததாக நிரூபிக்க வேண்டும். தவறாகத் தள்ளியிருந்தால் அந்த நிரூபணமே தேவையில்லை, தேர்தலே செல்லாது. எழுத்துப்பிழை, அச்சுப்பிழை போன்ற சில்லறைக் குறைகளை அலுவலர்கள் பெரும்பாலும் பெரிதாக்காததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.