சிலந்திச் சிற்றினங்களைப் பிரித்துக்காட்டும் உறுப்பு

நிறத்திலும் உருவிலும் வலை பின்னும் முறையிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இரு சிலந்திச் சிற்றினங்களை வேறுபடுத்தி அறிய, ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகளையே பார்க்கின்றனர். இதுவரை பெயரிடப்பட்டுள்ள 50,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களில் பெரும்பாலானவை இவ்வுறுப்புகளின் வடிவத்தைக் கொண்டே பிரிக்கப்பட்டுள்ளன.

ஆண் சிலந்தியின் விந்து வயிற்றடித் துளை வழியே வெளிவந்தாலும், அதைப் பெண்ணிடம் சேர்ப்பது வாயின் இருபுறமும் குட்டைக் கால்களைப் போல நீண்டிருக்கும் பெடிபால்ப் என்னும் உறுப்பாகும். சிறு வலையொன்றை நெய்து அதன்மேல் விந்தைச் சொட்டவிடும் ஆண், பெடிபால்ப்பின் நுனியிலுள்ள குமிழுக்குள் அதை உறிஞ்சிக்கொள்கிறது. புணர்ச்சியின்போது உடல்நீரின் அழுத்தத்தால் குமிழ் விரிய, எம்போலஸ் எனப்படும் அதன் குழாய்முனை, பெரும்பாலான குடும்பங்களில் பெண்ணின் வயிற்றடியில் கடினத் தகடாக அமைந்துள்ள எபிஜைனின் துளைக்குள் நுழைகிறது. எம்போலஸின் நீளம், வளைவு, அதைச் சூழ்ந்த கொக்கிகள் ஆகியவை நெருங்கிய உறவுடைய சிற்றினங்களுக்கிடையிலும் வியக்கத்தக்க அளவு மாறுபடுகின்றன.

பிரான்சு நாட்டு இயற்கையியலாளர் லெயோன் டுஃபூர் 1844-இல், பூச்சிகளை ஆராய்ந்து, பூட்டுக்குச் சாவி போல ஒவ்வொரு சிற்றினத்தின் ஆணும் தன் இனப் பெண்ணுக்கு மட்டுமே பொருந்துவதால் கலப்பினம் தடுக்கப்படுகிறது என்னும் விளக்கத்தை அளித்தார். இது எளிமையான விளக்கம். எளிமையே இதன் செல்வாக்குக்குக் காரணம் எனலாம். ஆயினும் பல சிலந்திகளில் வலையை அதிரச் செய்தல், வேதிமணம் போன்றவற்றின் வழியே இனம் அறிதல் உறுப்புகள் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கலப்புறத்தக்க உறவினம் ஏதுமற்ற தீவுகளில் தனித்து வளர்ந்த சிற்றினங்களுக்குப் பூட்டே தேவையில்லை.

இத்தகைய தடைகளை எடுத்துக்காட்டிய வில்லியம் எபர்ஹார்ட், 1985-இல் வெளியான தம் நூலில், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடும் பெண், தன்னை ஏற்றவாறு தூண்டும் ஆணின் விந்தையே மிகுதியாகப் பயன்படுத்துவதால் ஆணுறுப்பு தலைமுறைதோறும் விரைந்து மாறுகிறது என்று வாதிட்டார். இரு பாலினங்களின் நலன்கள் முரண்படுவதும் மாற்றத்துக்குத் தூண்டுகோலாகலாம் என்பது மற்றொரு விளக்கம். லாரினியா ஜெஸ்கோவி என்னும் சிலந்தியில் ஆண், புணர்ச்சியின்போது எபிஜைனிலிருந்து நீண்டிருக்கும் பற்றுகோலான ஸ்கேப்பை முறித்துவிடுகிறது. அதன்பின் வரும் ஆணுக்குப் பிடிமானம் கிட்டாததால் பெண் மீண்டும் புணர இயலாது. ஜப்பானில் வாழும் சைக்ளோசா அர்ஜென்டியோஆல்பாவிலும் இவ்வாறே நிகழ்கிறது. பொருத்தம் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட பூட்டு-சாவிக் கருத்து இத்தகைய முறிப்பை விளக்கப் போதாது.

இவ்வுறுப்புகள் இறுதித் தோலுரிப்புக்குப் பின்னரே முழு வடிவம் பெறுவதால், இளஞ்சிலந்தி ஒன்றின் சிற்றினத்தைத் தோற்றத்தைக் கொண்டு உறுதியாகக் கூறுவது பெரும்பாலும் இயலாததாகவே உள்ளது.