உழாத நிலமும் பண்பட்ட உள்ளமும்

'பண்படுத்துதல்' என்ற தமிழ்ச் சொல் கழனிக்கும் உரியது, மனிதனுக்கும் உரியது. கட்டி உடைத்து, களை நீக்கி, விதைப்புக்குத் தகுதியாக்கிய மண்ணைப் பண்பட்ட நிலம் என்கிறோம். அறிவும் நயமும் வாய்த்தவரைப் பண்பட்டவர் என்கிறோம். ஆங்கிலேயரின் 'கல்ச்சர்' என்னும் பதமும் இத்தகையதே; அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு உழுது பயிரிடுதல் என்று பொருள். அதற்கு இணையாகப் 'பண்பாடு' என்ற சொல்லை வழங்கியவர் ரசிகமணி டி.கே.சி. என்பர். பொருத்தமான சொல்தான்!

ஆனால், மண்ணை உழாதவனுக்கு மனப்பண்பும் இராது என்று முடிவு கட்டினால் விபரீதம் விளையும். நீலகிரியின் சரித்திரம் இதற்குச் சாட்சி.

1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலையேறியபோது, மேட்டிலே பரந்த புல்வெளியும் பள்ளங்களிலே சோலைக் காடும் விளங்கின. படகர் பயிர் செய்தனர்; தோடரோ ஏர் பிடியாமல் எருமை மேய்த்தனர். மேனாட்டுக் காய்கறிகளை அங்கே பயிரிடச் செய்தவர் ஸல்லிவன். எனினும், மேய்ச்சல் நிலம் தோடருக்கே சொந்தம் என்று அவர் வாதாடினார். அந்த வாதம் நிலைக்கவில்லை. உழாத நிலம் தரிசு என்ற எண்ணமே வென்றது. சிங்கோனாவும் தேயிலையும் வந்தன. சீகை மரமும் தைல மரமும் புல்வெளியை விழுங்கின.

அந்தத் 'தரிசில்' வாழ்ந்தவர்களின் பண்பாடு எத்தகையது? பால் கடையும் இடமே தோடருக்குக் கோயில். எழுத்தில்லாத தம் மொழியில், நிகழ்ச்சிக்கு ஏற்ப, இரட்டை இரட்டையான அடிகளில் அவ்வப்போதே பாட்டுக் கட்டுவர். 1930-களில் எமனோ என்ற மொழி அறிஞர் கேட்டு எழுதிய அப்பாடல்கள், 1971-ல் பெரிய புத்தகமாக வெளிவந்தன. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடர் மாதர் செய்யும் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேயிலையை நாம் பழிக்கவில்லை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு அத்தோட்டங்கள் பிழைப்பு அளித்தன. உழைப்பவர் கையில் பயிர்த்தொழில் என்றும் புனிதமானதே.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. மழைநீரை ஏந்திச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுபவை அந்தப் புல்வெளியும் சோலையுமே. அந்நீர் மோயாறாகவும் பவானியாகவும் இறங்கி, பவானிசாகரில் கலந்து, ஈரோட்டுச் சீமையின் வயல்களை நனைக்கிறது. மேலே உழாமல் விட்ட நிலத்தால் அன்றோ கீழே உழுத நிலம் விளைகிறது? எந்த நிலத்தில் ஏரை நிறுத்தவேண்டும் என்று அறிவதும் பண்பாட்டின் ஓர் இலக்கணம்.