பாதயாத்திரையும் தோளில் சுமக்கும் கூரையும்

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை, இலங்கையின் மிக நீண்ட நடைப்பயணங்களில் ஒன்றாகும். ஒன்றரை மாத அளவு நீளும் இவ்வழி புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி ஊடாகத் திருகோணமலையை அடைந்து, மூதூர், வெருகல் என்று தெற்கே தொடர்கின்றது. கதிர்காமத்தில் கோயிலோடு பள்ளிவாசலும் இருப்பதால், இது ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரிய வழியன்று.

இரவில் எதன் கீழ் உறங்குவது என்பதைப் புறப்படுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். கோயில் மடங்களும் பாடசாலைகளும் உள்ள வரையில் ஒரு பாய் போதும். ஒகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளில் பல நாட்கள் நடக்க வேண்டியிருக்கையில் நிலைமை வேறு. அங்கே தண்ணீரையும் சுமக்க வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. கூடாரத்தில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் நீருக்கு இடமளிக்கின்றது.

கடைகளில் கிடைக்கும் இருவருக்கான சாதாரணக் கூடாரம் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். ஒரு கிலோ அளவிலான மேலைநாட்டுக் கூடாரங்கள் உள்ளனவாயினும் அவற்றின் விலை நம்மவருக்கு எட்டாதது. மேலும், அவை பெரும்பாலும் குளிர்நாட்டை எண்ணி அமைக்கப்பட்டவை. மூடிய நைலோன் கூடாரத்தின் வெக்கை எத்தகையது என்பதை, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிண்ணியாவிலும், 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது கந்தளாயிலும் கூடாரங்களில் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் தெரியும். காற்றோட்டமற்ற ஒற்றைத் துணிக் கூடாரத்தில் உறங்குவோரின் மூச்சு ஈரமே இரவில் உட்புறம் நீராகப் படிந்து சொட்டும்.

ஆகவே மூன்று மீற்றர் சதுரமான மெல்லிய தறப்பாளும் தனியொரு நுளம்பு வலையுமே இவ்வழிக்கு மிகப் பொருத்தமானவை என்பது நமது கருத்து. சாதாரண பொலித்தீன் தறப்பாள் ஏறத்தாழ ஒரு கிலோ. சிலிக்கன் பூசிய நைலோன் துணியாயின் அதில் பாதியளவே. வலையைக் கைவிட்டுச் சுமை குறைப்பது தவறு. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் நுளம்புகள் இன்னும் போய்விடவில்லை.

யாத்திரைக் காலத்தில் கச்சான் காற்று பலமாக வீசும். எனவே தறப்பாளின் தாழ்ந்த பக்கத்தைக் காற்று வரும் மேற்கு, தென்மேற்குத் திசைக்குக் காட்டிக் கட்டுதல் வேண்டும். கடற்கரை மணலில் முளைகள் நில்லா. சிறு பைகளில் மணல் நிரப்பி, கயிற்றை அதிற் கட்டி, ஒரு முழ ஆழத்திற் புதைத்தால் அசையாது. மூலைகளில் துளை கிழிந்துவிட்டால், உள்ளே ஒரு கூழாங்கல்லை வைத்து அதன் கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டலாம். நமது மீனவர்களுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

யானையும் கரடியும் உலவும் காட்டில் எந்தத் துணியும் அரண் ஆகாது. அங்கே தனித்துத் தங்காமல், குழுவோடு, அனுமதிக்கப்பட்ட தங்குமிடங்களிலேயே இரவைக் கழித்தல் வேண்டும். காட்டுப்பாதை விழாவையொட்டிய குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறக்கப்படுவதால், அத்திகதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.