‘ஒண்டும் இல்லை’ என்று வந்த துண்டு

படுவான்கரைக் கிராமமொன்றில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்பும் ஒரு சகோதரி மட்டும் நின்றிருந்தார். நான்காக மடித்த ஒரு துண்டை எடுத்துக் காட்டினார்.

“ரத்தம் சோதிச்சாச்சு மிஸ். ஒண்டும் இல்லையாம். இனிப் பயமில்லைதானே?”

வெளிமாவட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த கணவருக்குக் கிரந்தி நோய் (சிபிலிஸ்) இருப்பது தெரியவந்திருந்தது. அவர் வீடு திரும்பிப் பத்தாம் நாள் இவர் தனியே போய் இரத்தம் கொடுத்திருக்கிறார். கணவரின் நோயைப் பற்றி வெட்கத்தினால் அங்கே வாய் திறக்கவில்லை.

துண்டில் பிழை இல்லை. ஆனால் பத்து நாளில் அந்தத் துண்டால் முழு உண்மையையும் சொல்ல முடியாது. விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து ‘முளைக்கவில்லை’ என்று முடிவுகட்டலாமா?

பெரும்பாலான இரத்தப் பரிசோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக எமது உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளையே தேடுகின்றன. அவை உண்டாகும்வரை, நோய் தொற்றியிருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்றே வரும். இதைச் சாளரக் காலம் என்பார்கள்.

கிரந்தியில் நோவில்லாத புண் தோன்றுவதற்கே 10 முதல் 90 நாட்கள் செல்லலாம். பெண்களுக்கு அது உள்ளே இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. வி.டி.ஆர்.எல். பரிசோதனை நோயைக் காட்டுவது, பெரும்பாலும் புண் தோன்றி 1 முதல் 4 கிழமைகளுக்குப் பின்புதான். எச்.ஐ.வி.க்குப் பிறபொருளெதிரியை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் 90 நாட்கள்வரை செல்லலாம். புதிய ஆய்வுகூடப் பரிசோதனைகள் இதனை 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டுகின்றன.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றைக் கண்டறிவது இரத்தத்தில் அல்ல. சிறுநீரில் அல்லது உறுப்பிலிருந்து எடுக்கும் மாதிரியில். ‘இரத்தம் சுத்தம்’ என்றால் எல்லாம் சுத்தம் என்று பொருளல்ல.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அங்கீகரித்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் கிளினிக்கில் தவறாது சோதிப்பது இதற்கு முக்கிய காரணம். எனினும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ‘இல்லை’ என்று வந்த முடிவு, அதன்பின் தொற்றும் நோய்க்குச் சாட்சியாகாது. சந்தேகம் ஏற்பட்டால் குடும்பநல மாதுவிடம் உடனே சொல்லுங்கள்.

யுத்த காலத்திலும் அதன் பின்பும் எங்கள் பெண்கள் பலர் விரும்பாத உறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். அது அவர்களது குற்றம் அல்ல. இன்றும் எவருக்காவது அப்படி நேர்ந்தால் 72 மணித்தியாலங்களுக்குள் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும். சாளரக் காலம் முடியட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அந்தச் சகோதரியிடம் திரும்பவும் போகச் சொன்னேன். “ஒண்டும் இல்லாத ஆள் ஏன் திரும்பப் போறது? ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து, “நீங்களும் வாறதெண்டா வாறன்” என்றார். சேர்ந்து போனோம்.

இம்முறை திகதியையும் கணவரின் நோயையும் மறைக்காமல் சொன்னார். வைத்தியர் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்கவில்லை. அன்றே பென்சிலின் ஊசி போடப்பட்டது. கணவருக்குக் கிரந்தி இருந்து, 90 நாட்களுக்குள் உறவு நடந்திருந்தால், முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் மனைவிக்குச் சிகிச்சை அளிப்பதே முறை. அவர் வாய் திறந்திராவிட்டால் இது நடந்திராது.

எனவே சகோதரிகளே, இரத்தம் கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: இது எந்தெந்த நோய்க்கான பரிசோதனை? என் திகதிக்கு இந்த முடிவு போதுமா? மறுபடி எப்போது வர வேண்டும்? கணவரும் சிகிச்சை பெறட்டும். இருவருக்கும் குணமாகும்வரை உறவைத் தவிருங்கள்.

அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியம் பேணப்படும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் இச்சேவை உண்டு. தனியே போகத் தயக்கமாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.